ரெண்டு லட்சத்துக்குள்ள கார்: வண்டியை அப்புறம் பாக்கலாம், ஆர்சில யார் பேரு இருக்கு?

கரூர்ல இருந்து ஒரு வாசகர் நீளமா எழுதியிருக்கார். பேரு, கம்பெனி எல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சொல்றேன். டெக்ஸ்டைல் கம்பெனில சூப்பர்வைசர், கைக்கு வர்ற சம்பளம் 24 ஆயிரம். மனைவி, ரெண்டு குழந்தைங்க, அம்மா. அம்மாவுக்கு கிட்னி பிரச்சனை, மாசம் ரெண்டு தடவை திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், பஸ்ல அவங்களால உட்கார முடியல, வாடகைக் கார் எடுத்தா வெயிட்டிங்கோட சேத்து ஒவ்வொரு தடவையும் 3,000 ரூபாய் கிட்ட ஆகுது. சீட்டு எடுத்த பணம் 1,40,000 கையில இருக்கு, மனைவி நகையை அடகு வச்சா இன்னொரு 60,000 புரட்டலாம், ஆக மொத்தம் 2 லட்சத்துக்குள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வேணும்.

மூணு வண்டி பாத்து வச்சிருக்கார். ஒண்ணு 2012 ஃபோர்டு ஃபிகோ டீசல், சென்னை ரிஜிஸ்ட்ரேஷன், புரோக்கர் 1,60,000 சொல்றார். மீட்டர்ல 62,000 கிலோமீட்டர்தான் காட்டுது. மூணு கை மாறிடுச்சு, ஆனா ஆர்சி இன்னும் முதல் ஓனர் பேர்லயே இருக்கு. கையெழுத்து போட்ட ஃபார்ம் 29, 30 ரெடியா இருக்கு, ஓப்பன்லயே, அதாவது பேர் மாத்தாமலேயே ஓட்டிக்கலாம், பேர் மாத்துறதெல்லாம் வீண் செலவுன்னு புரோக்கர் சொல்லியிருக்கார். ரெண்டாவது, ஆட்டோ கன்சல்டிங்ல நிக்கிற வேகன் ஆர் பெட்ரோல், 2011 நவம்பர்ல ரிஜிஸ்டர் ஆனது, 1,95,000. மூணாவது, ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தரோட 2008 சான்ட்ரோ, சிங்கிள் ஓனர், எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதின்னு ஆர்டிஓ கொடுக்குற சர்டிபிகேட், 2028 வரைக்கும் இருக்கு, 1,15,000. ஆனா 15 வருஷம் தாண்டின வண்டியை போலீஸ் புடிச்சா ஸ்கிராப்புக்கு அனுப்பிடுவாங்கன்னு யாரோ சொன்னதால சான்ட்ரோவை லிஸ்ட்ல இருந்தே தூக்கிட்டாராம். ஃபிகோவுக்கு 10,000 ரூபாய் ஜிபேல அட்வான்ஸும் போட்டாச்சு, அதுக்கப்புறம்தான் தூக்கம் வரல, எதை வாங்கலாம் சார்னு கேக்குறார்.

தம்பி, நான் மோட்டார் விபத்து வழக்கு நடத்துற வக்கீல், மெக்கானிக் இல்ல. அதனால எஞ்சின் எப்படி இருக்குன்னு கேக்குறதுக்கு முன்னாடி பேப்பர் யார் பேர்ல இருக்குன்னு கேக்குறதுதான் எனக்குப் பழக்கம். உங்க விஷயத்துல அதுவே போதுமான பதிலும் ஆயிடுது. ஃபிகோ வேணாம். நீங்க தூக்கிப் போட்ட சான்ட்ரோவைத்தான் நான் முதல்ல போய் பாக்கச் சொல்லுவேன். ஏன்னு சொல்றேன்.

ஓப்பன்ல வாங்குறதுன்னா என்ன

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 50ன்படி வண்டியை வித்தவர் 14 நாளுக்குள்ள ஆர்டிஓவுக்குத் தெரிவிக்கணும், வாங்கினவர் 30 நாளுக்குள்ள பேர் மாத்த அப்ளை பண்ணணும். ஒரே மாநிலத்துக்குள்ள நடக்குற விற்பனைக்கு இந்தக் கணக்கு. ஃபார்ம் 29 விக்கிறவர் கொடுக்குற தகவல், ஃபார்ம் 30 பேர் மாத்தச் சொல்ற விண்ணப்பம், அவ்வளவுதான். தேதி போடாம கையெழுத்து மட்டும் போட்டு கையில வச்சிருந்தா அது வெறும் பேப்பர், உங்களை ஓனர் ஆக்காது.

2018ல சுப்ரீம் கோர்ட்டுக்கு நவீன் குமார் எதிர் விஜய் குமார்னு ஒரு வழக்கு வந்துச்சு, கிட்டத்தட்ட உங்க ஃபிகோ கதைதான். ஒரு கார் வரிசையா பல கை மாறியிருக்கு, ஆர்சி மட்டும் முதல் ஆள் பேர்லயே நின்னுடுச்சு. 2009ல விபத்து, ஒரு உயிர் போச்சு, வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்ல. நான் எப்பவோ வித்துட்டேன்னு முதல் ஆள் சொன்னார். விபத்து நடந்த அன்னிக்கு ஆர்சில யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், அவர்தான் இழப்பீடு கட்டணும்னு கோர்ட் சொல்லிடுச்சு.

இதைப் படிச்சதும் உங்களுக்கு ஒரு நினைப்பு வரும், வர்றது சகஜம்தான். அப்போ மாட்டுறது பழைய ஓனர்தானே, எனக்கென்னன்னு. அது சரியில்ல தம்பி. வண்டியை ஓட்டினது நீங்கன்னா கிரிமினல் கேஸ் உங்க மேலதான், இழப்பீட்டு வழக்குலயும் டிரைவர்னு உங்களைச் சேப்பாங்க. அந்தப் பழைய ஓனரும் சும்மா இருக்க மாட்டார், விவரம் தெரிஞ்ச யாராவது சொல்லிக் கொடுத்தா என் வண்டி இன்னும் என் பேர்ல ஓடுதுன்னு ஆர்டிஓவுலயும் ஸ்டேஷன்லயும் எழுதிக் கொடுத்துடுவார், அப்போ திருச்சி பைபாஸ்ல வண்டியை ஓரங்கட்டும்போது உங்க கையில காட்டுறதுக்கு உருப்படியா ஒண்ணும் இருக்காது. ஆர்சில ஃபைனான்ஸ் கம்பெனி பேர் இன்னும் கேன்சல் ஆகாம இருந்தா, யாரோ எப்பவோ கட்டாம விட்ட தவணைக்கு உங்க வாசல்ல வந்து வண்டியைத் தூக்குவாங்க. நாளைக்கு விக்கணும்னாலும் 15 வருஷம் முடிஞ்சு எஃப்சி காட்டணும்னாலும் அந்த முதல் ஆளைத்தான் தேடிப் போகணும். அதுவும் இப்போ ஆன்லைன்ல பேர் மாத்த அப்ளை பண்ணினா ஓடிபி ஆர்சியில பதிஞ்ச ஃபோன் நம்பருக்குத்தான் போகும். அந்த மனுஷன் இறந்திருந்தா இன்னும் மோசம். வாரிசுங்களைத் தேடி, அவங்க பேருக்கு ஃபார்ம் 31ல மாத்தி, அதுக்கப்புறம்தான் உங்களுக்கு. ஒரு சென்னை விலாசத்தை மட்டும் வச்சுக்கிட்டு இதை எங்க போய் பண்ணுவீங்க?

பேர் மாத்துறது வீண் செலவுன்னு சொன்னாரே, தமிழ்நாட்டு வண்டிக்கு அரசு கட்டணம் சில நூறு ரூபாய்ல முடிஞ்சுடும், மிச்சமெல்லாம் இடையில இருக்கிறவங்க வாங்குறது. புரோக்கர் அதைத் தவிர்க்கச் சொல்றார்னா உங்களுக்குச் செலவு மிச்சம் பண்றதுக்காக இருக்காது.

இன்சூரன்ஸ்ல காருக்குள்ள உட்கார்ந்திருக்கிறவங்க

இதை நீங்க கேக்கவே இல்ல, ஆனா என்னைப் பொறுத்தவரைக்கும் இதுதான் பெரிய விஷயம். வண்டியில இன்சூரன்ஸ் இருக்கு, அதனால குடும்பத்துக்குப் பயம் இல்லன்னு எழுதியிருக்கீங்க. எந்த இன்சூரன்ஸ்?

பழைய காருக்கு எல்லாரும் போடுறது தேர்ட் பார்ட்டி மட்டும். அது நீங்க ரோட்டுல இடிக்கிற அடுத்த ஆளுக்கு. உங்க தப்பாலயோ தூக்கக் கலக்கத்துலயோ வண்டி புளியமரத்துல மோதி, பின் சீட்ல இருக்கிற உங்க அம்மாவுக்கும் குழந்தைக்கும் அடிபட்டா, வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசில அவங்களுக்கு இழப்பீடு வாங்குறது ரொம்பக் கஷ்டம். தனியார் கார்ல சும்மா கூட வர்றவங்க அந்த பாலிசியில அடங்க மாட்டாங்கன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்புகளே இருக்கு. பேக்கேஜ் பாலிசி, அதாவது நாம ஃபுல் இன்சூரன்ஸ்னு சொல்றது, அதுல காருக்குள்ள இருக்கிறவங்களும் அடக்கம். காரோட மதிப்பு ஒரு லட்சம்தானே, அதுக்கு எதுக்கு ஃபுல் இன்சூரன்ஸ்னு எல்லாரும் கேக்குறாங்க. தகரத்துக்காக இல்ல, உள்ள இருக்கிற நாலு பேருக்காக. ரொம்பப் பழைய வண்டிக்கு சில கம்பெனி பேக்கேஜ் தர யோசிப்பாங்க, இன்ஸ்பெக்ஷன் கேப்பாங்க, நாலு இடம் விசாரிங்க. எங்கயும் கிடைக்கலைன்னா தேர்ட் பார்ட்டியோட பயணிகளுக்கான பர்சனல் ஆக்சிடென்ட் கவரையாவது தனியா பிரீமியம் கட்டிச் சேத்துக்கோங்க.

ஓப்பன்ல ஓட்டுறதோட இதைச் சேத்துப் பாருங்க. வண்டி கை மாறினா தேர்ட் பார்ட்டி கவர் மட்டும்தான் சட்டப்படி தானா கூடவே வரும். சொந்த டேமேஜுக்கு, பாலிசி உங்க பேருக்கு மாறாம ஒரு ரூபாய் தர மாட்டாங்க. ஓனர் டிரைவருக்குன்னு 15 லட்சம் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் இருக்கே, அதுவும் ஆர்சில பேரும் கையில லைசென்ஸும் இருக்கிற ஆளுக்குத்தான். ஓட்டிட்டுப் போகும்போது உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க மனைவி போய் கேக்கும்போது, ஓனர் இவர் இல்லையேன்னு ஒரே வரியில லெட்டர் வரும். அந்த மாதிரி லெட்டரைக் கையில வச்சுக்கிட்டு வர்றவங்களுக்கு என்னால பெருசா ஒண்ணும் செய்ய முடியறதில்ல, அதான் முன்னாடியே சொல்றேன்.

பிரீமியம் பத்தி ஒரு சின்ன கணக்கு. 2022 ஜூன்ல நிர்ணயிச்ச விகிதத்துல தேர்ட் பார்ட்டி பிரீமியம் 1000 சிசிக்குள்ள 2,094 ரூபாய், அதுக்கு மேல 1500 சிசி வரைக்கும் 3,416, ஜிஎஸ்டி தனி. வேகன் ஆர் 998 சிசி, சான்ட்ரோ 1086, ஃபிகோ டீசல் 1399. அப்புறம் பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் பண்ணாம இருந்ததுக்குப் பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி, உங்களுக்கு வராது, அது அவர் கூடவே போயிடும். யாராவது அதையும் சேத்துச் சொல்லி விலை ஏத்தினா கண்டுக்காதீங்க.

15 வருஷம் தாண்டினா ஸ்கிராப்பா?

டெல்லி நியூஸைப் பாத்துட்டு இங்க நிறைய பேர் பயப்படுறாங்க. பத்து வருஷ டீசல், பதினஞ்சு வருஷ பெட்ரோல் தடைங்கிறதெல்லாம் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் சுப்ரீம் கோர்ட்டும் டெல்லி, அதைச் சுத்தின பகுதிக்குச் சொன்னது. நம்ம ஊர்ல தனியார் காருக்கு முதல் ஆர்சி 15 வருஷம், அது முடிஞ்சதும் ஃபார்ம் 25ல அப்ளை பண்ணி வண்டியைக் கொண்டு போய் காட்டி, பாஸ் ஆனா அஞ்சு வருஷத்துக்குப் புதுப்பிச்சுக்கலாம், கிரீன் டேக்ஸ் கட்டணும். வாத்தியார் அதைப் பண்ணி வச்சிருக்கார். அதனால 2028 வரைக்கும் அந்த சான்ட்ரோ முறையா ஓடுற வண்டி, போலீஸ் புடிச்சு ஸ்கிராப்புக்கு அனுப்புற பேச்சே இல்ல.

ஆனா 2028ல செலவு இருக்கு, மறைக்கல. புதுப்பிக்கிற கட்டணம் 2022 ஏப்ரல்ல 5,000 ஆச்சு, 20 வருஷம் தாண்டின காருக்கு 2025ல 10,000 ஆக்கிட்டாங்க. டிங்கரிங், பெயிண்டிங் வேலை தனி. அதனால சான்ட்ரோவை 2028 வரைக்குமான வண்டியா நினைச்சு வாங்குங்க, அதுக்கு மேல ஓடினா லாபம்.

இப்போ வேகன் ஆரைப் பாருங்க. 2011 நவம்பர்ல ரிஜிஸ்டர் ஆனதுன்னா 2026 நவம்பரோட 15 வருஷம் முடியுது. அந்த எஃப்சி செலவு முழுசா உங்க தலையில விழும், கன்சல்டிங்காரர் அதைச் சொல்லியிருக்க மாட்டாரே? வண்டி நல்ல வண்டிதான், அந்த எஞ்சின்ல டைமிங் செயின், சான்ட்ரோ மாதிரி பெல்ட் மாத்துற வேலை இல்ல, உயரமா இருக்கிறதால அம்மா ஏறி இறங்க சவுகரியம். ஆனா 1,95,000 கொடுத்துட்டா உங்க கையில 5,000தான் மிஞ்சும், அதுவும் நகையை அடகு வச்ச பிறகு. எஃப்சி முடிச்சுக் கொடுங்க, இல்லன்னா விலையைக் கொறைங்கன்னு கேட்டுப் பாருங்க. 1,65,000க்கு இறங்கி வந்தா யோசிக்கலாம்.

டீசல் மைலேஜ் கணக்கு

திருச்சி போய் வர 160 கிலோமீட்டர், மாசம் ரெண்டு தடவை, ஊருக்குள்ள சுத்துறதையும் சேத்தா 500 கிலோமீட்டர்னு வைப்போம். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 15 கொடுத்தா 33 லிட்டர், 3,300 ரூபாய் சொச்சம். டீசல் 19 கொடுத்தா 26 லிட்டர், 2,400 சொச்சம். மிச்சம் மாசம் 900 ரூபாய். வருஷத்துக்குப் பத்தாயிரம், பழைய டீசல்ல இன்ஜெக்டர் ஒண்ணு மக்கர் பண்ணினாலே அது போயிடும். ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்துறதா 2021லயே அறிவிச்சுட்டாங்க, பார்ட்ஸ் கிடைக்குது, ஆனா கரூர்ல எந்த தெருமுனை மெக்கானிக்கும் மாருதியையும் சான்ட்ரோவையும் பிரிக்கிற வேகத்துல ஃபிகோ டீசலைப் பிரிக்க மாட்டார்.

அந்த 62,000 கிலோமீட்டரையும் நம்பாதீங்க. மீட்டரைத் திருப்புறது பெரிய வித்தை இல்ல. கிளட்ச் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சு, ஸ்டியரிங் பளபளன்னு ஆகியிருந்தா அது 62,000 ஓடின வண்டி இல்ல. சென்னை வண்டிங்கிறதால இன்னொண்ணு, 2015 டிசம்பர் வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் முங்கின கார் நிறைய வெளி மாவட்டத்துக்கு வந்துச்சு. சீட் பெல்ட்டை முழுசா கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, உள்ள சுருண்டு இருக்கிற பகுதியில மண் கறை கோடு மாதிரி தெரிஞ்சா தண்ணி அது வரைக்கும் ஏறியிருக்கு. சீட்டுக்குக் கீழ இருக்கிற ரெயில்ல துரு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, கார்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்க. மேல பாலிஷ் போடுறவங்க இந்த இடங்களைத் தொடுறதே இல்ல.

சான்ட்ரோவைப் பாக்கப் போகும்போது

காலையில முதல் ஸ்டார்ட் நீங்க போன பிறகுதான்னு வாத்தியார்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. சூடான எஞ்சின் பல நோயை மறைச்சுடும். ஸ்டார்ட் பண்ணினதும் சைலன்சர்ல நீலமா புகை வந்தா ஆயில் குடிக்குதுன்னு அர்த்தம். ஏசியை மத்தியானம் ஒருமுறை வெயில்ல அரை மணி நேரம் ஓடவிட்டுப் பாக்கணும், ஆஸ்பத்திரியில இருந்து களைச்சு வர்ற அம்மாவுக்கு அது சொகுசு இல்ல, தேவை. டயர் ஓரத்துல நாலு நம்பர் இருக்கும், 3218னு இருந்தா 2018ஆம் வருஷம் 32வது வாரம் செஞ்சது. பட்டன் தேயாம நல்லா தெரிஞ்சாலும் ஏழு எட்டு வருஷ டயர்னா மாத்துற செலவை விலையில கழிங்க. டைமிங் பெல்ட் எப்போ மாத்தினாங்கன்னு கேளுங்க, பில் இல்லன்னா மாத்தாத மாதிரிதான், வாங்கின வாரமே மாத்திடுங்க. உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க, அவர் கூலியைக் கொடுத்துடுங்க, பேசுன விலையில கமிஷன் வாங்குற ஆளைக் கூட்டிட்டுப் போகாதீங்க.

சேஸிஸ் நம்பரை ஆர்சியோட ஒத்துப் பாருங்க. அரசோட எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பரைப் போட்டா இன்சூரன்ஸ், எஃப்சி தேதி, ஃபைனான்ஸ் இருக்கா, எத்தனையாவது ஓனர் எல்லாம் தெரியும், சலான் பாக்கியும் பாத்துடுங்க. இந்தப் பழைய வண்டிங்கள்ல பெரும்பாலும் ஏர்பேக் இருக்காது, அது தெரிஞ்சே வாங்குங்க, பின் சீட் பெல்ட் வேலை செய்யுதான்னு பாத்து குழந்தைங்களுக்குப் போட்டு விடுங்க, பைபாஸ்ல 80ஐத் தாண்டாதீங்க.

1,15,000ஐ 1,05,000க்குப் பேசிப் பாருங்க. மீதி 35,000ல பெல்ட், டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் எல்லாம் முடியும். நகையை அடகு வைக்க வேண்டியதே இல்ல. சான்ட்ரோல மெக்கானிக் பெரிய குறை ஏதாவது சொன்னா அவசரப்பட்டு ஃபிகோவுக்குத் திரும்பாதீங்க, இன்னும் ரெண்டு மாசம் வாடகைக் கார்லயே போங்க, மாசம் 6,000 ரூபாய் அதிகம்தான், ஆனா தப்பான வண்டி அதை விட அதிகமா இழுக்கும்.

கொடுத்த பத்தாயிரம்

ரசீது இல்லையே, போச்சான்னு கேட்டீங்க. ஜிபே பண்ணினதே ரசீதுதான். இப்பவே புரோக்கருக்கு வாட்ஸ்அப்ல எழுத்தா அனுப்புங்க, ஃபோன்ல பேச வேணாம். "ஆர்சில பேர் இருக்கிற ஓனரை நேர்ல வரச் சொல்லுங்க, பேர் என் பேருக்கு மாறினா மீதிப் பணம் தர்றேன், முடியாதுன்னா அட்வான்ஸ் 10,000ஐத் திருப்பி அனுப்புங்க"ன்னு. தப்பான தகவல் சொல்லி ஒப்புக்க வச்ச ஒப்பந்தத்தை ரத்து பண்ற உரிமை ஒப்பந்தச் சட்டத்துலயே இருக்கு. அதனால அவர் ஃபோன்ல சொன்ன "ஓப்பன்லயே ஓட்டிக்கலாம்"ங்கிறதை அவர் வாயால வாட்ஸ்அப்ல வர வைங்க, அது உங்களுக்கு நல்லது. தொழிலா வண்டி வாங்கி விக்கிற ஆள்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும், 5 லட்சம் வரைக்குமான விஷயத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே ஆஜராகலாம். இன்னொண்ணு, 2023 ஏப்ரல்ல இருந்து பழைய வண்டி விக்கிற டீலருங்க ஆர்டிஓவுல அங்கீகாரம் வாங்கணும்னு விதி இருக்கு. அந்த சர்டிபிகேட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டாலே சில பேர் பணத்தைத் திருப்பி அனுப்பிடுவாங்க. நடைமுறையில பாதிதான் திரும்ப வரும்னு அவர் பேரம் பேசினா, 7,000 கிடைச்சா வாங்கிட்டு விட்டுடுங்க. மூவாயிரத்துக்காக அலையுற லீவு நாளோட சம்பளம் அதை விட ஜாஸ்தி.

வாத்தியார்கிட்ட அட்வான்ஸ் கொடுக்கும்போது வண்டி நம்பர், விலை, எந்த நிலைமையில வாங்குறீங்க, எந்தத் தேதிக்குள்ள பேர் மாத்தணும் எல்லாம் ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடுங்க. வண்டியை எடுக்குற தேதியையும் நேரத்தையும் அதுல எழுதுங்க, அன்னிக்கு முன்னாடி வந்த சலான் அவரோடது, அதுக்கப்புறம் உங்களோடது. ஒரு 10,000ஐ பேர் மாத்தின பிறகு தர்றேன்னு கையில நிறுத்தி வைங்க, அவர் தப்பா எடுத்துக்க மாட்டார், அவருக்கும் ஆர்சில இருந்து பேர் போறது நல்லதுதான். வண்டி கைக்கு வந்த நாள்ல இருந்து 14 நாளுக்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக் கொடுத்து பாலிசியை உங்க பேருக்கு மாத்திடுங்க, ஆர்டிஓ ஸ்மார்ட் கார்டு வர லேட் ஆனாலும் பேர் மாத்த அப்ளை பண்ணினதுக்கான ஒப்புகைச் சீட்டு போதும்.